துணி உரித்த இறக்கைகள்

திருவண்ணாமலை
14-8-1981

அன்பு மிக்க என் கணவர் ஜானி பாஷா அவர்களுக்கு, மஹ்பூபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் நம் மகள் ரஹமத்தும் சுகம். தம்மாமில் உங்கள் முதுகு வலி குறைந்ததா? பலகை தூக்கும்போது பக்கத்தில் இருப்பவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். தனியாகத் தூக்கி வீரம் காட்ட வேண்டாம்.

ஒரு விஷயத்துக்கு உங்கள் சம்மதம் வேண்டும். செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் தாண்டி கடலை மூட்டை அடுக்கும் மல்லாட்டைக் கிடங்கு ஒன்று பூட்டிக் கிடந்ததே, அதை ராமகிருஷ்ணன் என்பவர் வாடகைக்கு எடுத்திருக்கிறார். விமானப்படையில் இறக்கை ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சம்சாரம் ராணியம்மாளுக்கு நான்தான் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். பெங்களூரில் ஒரு பணக்காரர் பழைய விமானம் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்கிறாராம். உடம்பு அங்கே இருக்கிறது. இறக்கைகள் மட்டும் லாரியில் இங்கே வந்து இறங்கின. சினிமா ஷூட்டிங் என்று நினைத்துத் தெருவே கூடிவிட்டது.

விமானத்து இறக்கை என்றால் தகரம் என்றுதான் நினைத்திருந்தேன். இது அந்தக் காலத்து விமானம். உள்ளே மரச்சட்டம், மேலே துணி. பழைய துணியை உரித்து, சட்டத்தைச் சுத்தம் செய்து, புதுத் துணி போர்த்த வேண்டும். அதற்குத் தையல் தெரிந்த ஆள் தேடுகிறார்.

"பாயம்மா, தலகாணி உறை தைப்பீங்களா?" என்று கேட்டார்.

"தைப்பேன் சார்" என்றேன்.

"அதே வேலைதான். தலகாணிதான் கொஞ்சம் பெருசு."

நீங்கள் வேண்டாம் என்றால் போகவில்லை. ரஹமத் உங்களுக்கு முத்தம் தரச் சொன்னாள். என்றும் உங்கள் நலத்துக்கு துஆ செய்யும்,
மஹ்பூபா


தம்மாம்
சவுதி அரேபியா
9-9-1981

என் பிரியமான மஹ்பூபாவுக்கு ஸலாம். நான் நலம். முதுகு பரவாயில்லை. வெயில்தான் இன்னும் இறங்கவில்லை. மத்தியானம் இரும்புக் கம்பியைத் தொட்டால் கை பொசுங்குகிறது. நீயும் மகளும் சுகமாக இருப்பது அறிந்து நிம்மதி.

உன் கடிதத்தை அறையில் இருக்கும் மலையாளி காதருக்குப் படித்துக் காட்டினேன். "உன் பெண்டாட்டி பிளேன் தைக்கிறாளா, அப்படியே அதில் ஏறி இங்கே வரச் சொல்" என்று சிரித்தான். எனக்கு முதலில் பிடிக்கவில்லை. தெரியாத ஆள், ஊருக்கு வெளியே கிடங்கு. அப்புறம் மரச்சட்டம் என்று எழுதியிருந்ததை மறுபடியும் படித்தேன். என்ன மரம் என்று கேட்டு எழுது. தச்சு வேலை பார்க்கிற நான் அதைப் பார்க்க முடியவில்லையே என்று இருக்கிறது.

போய் வா. ஆனால் கூட இன்னொரு பெண் இருக்க வேண்டும். இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். வார்னிஷ் வாடை ஜாஸ்தியாக இருந்தால் கதவைத் திறந்து வை, தலை சுற்றும். மகளை அடுத்த வீட்டுத் தனத்திடம் விட்டுப் போ. எல்லாருக்கும் என் ஸலாம் சொல். வஸ்ஸலாம்.
ஜானி பாஷா


திருவண்ணாமலை
4-10-1981

என் கணவர் அவர்களுக்கு ஸலாமுடன் மஹ்பூபா. நாங்கள் நலம். ரஹமத்துக்கு இருந்த சளி போய்விட்டது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

வேலைக்குப் போகிறேன். நீங்கள் சொன்னபடி கூட ஒரு பெண் இருக்கிறாள். பாஞ்சாலை என்று பெயர், அடி அண்ணாமலை ஊர். புருஷன் அப்பாசாமி ஏர் வைத்திருக்கிறார். பொன்னி என்று ஒரு பெண் குழந்தை. என்னைவிடச் சின்னவள். வாய் ஓயாது. முதல் நாள் இறக்கையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "யக்கா, இதுல ஏறி உக்காந்தா பஸ்ஸுக்கு நிக்காம எங்க ஊருக்குப் போயிடலாம் இல்ல?" என்றாள். சார் கேட்டுவிட்டு, "உங்க ஊர்ல இறங்க இடம் இல்ல பாஞ்சாலை" என்றார். "வயக்காட்டுல இறங்கிக்கலாம் சார், எங்க வூட்டுக்காரு ஓட்டி வெச்சிருக்காரு" என்று இவள் சொல்ல, சார் அன்று முழுக்கச் சிரித்தார்.

பழைய துணி காய்ந்த தோல் மாதிரி விறைத்திருக்கிறது. டோப் என்று ஒரு மருந்தை அதன்மேல் பூசிப் பூசி ஏற்றியிருக்கிறார்கள். துணி இழுத்துப் பிடிக்க அதுதான் காரணமாம். பிளேடால் கீறி, சட்டத்தோடு துணியைக் கட்டியிருக்கும் நூல் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அறுத்து, சின்ன ஆணிகளைக் குறடால் பிடுங்க வேண்டும். துணி போனதும் உள்ளே பார்த்தால் மீன் முள் மாதிரி வரிசையாக விலா எலும்புகள். ஓர் இடத்தில் எலி கூடு கட்டிச் செத்துக் கிடந்தது. பிறகு பழைய வார்னிஷைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, சார் ஒவ்வொரு ஒட்டாகத் தட்டிப் பார்க்கிறார். சந்தேகம் வந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். அந்த எலும்பை மாற்றுகிறார். மரம் ஸ்ப்ரூஸ் என்று சொன்னார். சீமை மரமாம். முருங்கைக் கட்டை மாதிரி லேசாக இருக்கிறது, ஆனால் வளைத்தால் உடையவில்லை.

உரித்த துணியில் ஒரு நகத்தளவு கிள்ளி வாசலில் வைத்து சார் கொளுத்திக் காட்டினார். சினிமா ரீல் மாதிரி புஸ்ஸென்று போய்விட்டது. நாங்கள் பின்னால் துள்ளினோம். "பாத்துக்கிட்டீங்கல்ல? உரிச்சதை உள்ள வெக்கவே கூடாது. அன்னன்னைக்கு வெளிய கொண்டு போயிடணும்" என்றார். தினம் சாயங்காலம் நானும் பாஞ்சாலையும் மூட்டை கட்டி வேலிக்கு அப்பால் கொட்டிவிட்டு வருகிறோம்.

அக்கறையான மனிதர். "இந்தத் தையல்லதான் ஒருத்தன் உசிரு தொங்கப் போவுது" என்று தினம் ஒரு தரமாவது சொல்லிவிடுவார். உங்கள் பதிலை எதிர்பார்த்து,
மஹ்பூபா


தம்மாம்
30-10-1981

மஹ்பூபாவுக்கு. நலம், உன் நலமும் மகள் நலமும் விரும்புகிறேன். இந்த மாதம் வேலை ஜாஸ்தி, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். நீ எழுதியதைப் படித்ததும் அந்தக் கிடங்கில் நின்ற மாதிரி இருந்தது. நான் இங்கே சிமெண்டு கொட்டப் பலகை அடிக்கிறேன். கொட்டி முடிந்ததும் பலகையைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். நான் செய்தது எதுவும் நிற்பதில்லை. நீ செய்வது ஆகாயத்தில் போகப் போகிறது. தைத்து முடித்ததும் அதன் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. மகளும் கூட நிற்கட்டும். உனக்கு என் துஆ எப்போதும்.
ஜானி பாஷா


திருவண்ணாமலை
24-11-1981

அன்புள்ள உங்களுக்கு ஸலாம். நானும் ரஹமத்தும் சுகம்தான். பத்து நாளாக விடாத மழை. சமையல்கட்டில் ஓடு ஒழுகுகிறது, குண்டான் வைத்திருக்கிறேன். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

மேலே இரண்டு, கீழே இரண்டு என்று இறக்கைகள் நான்கும் உரித்து முடிந்துவிட்டன. புது வார்னிஷ் அடித்தோம். ஆனால் ஈரத்தில் காயவே மாட்டேன் என்கிறது. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. மரம் முழுசாகக் காயாமல் துணி போர்த்தினால் உள்ளே பூசணம் பிடிக்குமாம். பெங்களூரிலிருந்து தந்திமேல் தந்தி. ஜனவரியில் ஏதோ கண்காட்சியில் பறக்க விடப்போகிறார்களாம். சார் முன்பு மாதிரி பேசுவதில்லை, சிகரெட்டாகப் பிடிக்கிறார். அதுவும் வாசலில் நின்றுதான்.

வெளியே கொட்டும் இடத்தில் தண்ணீர் நிற்கிறது. கடைசியாக உரித்த துணி மூட்டைகள் உள்ளேயே மூலையில் கிடக்கின்றன. "மழை விடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சார் சொல்லிவிட்டார். நேற்று அவரே வீட்டிலிருந்து குமுட்டி அடுப்பைக் கொண்டு வந்து, கரி போட்டு, இறக்கைக்குக் கீழே வைத்தார். உள்ளே வெதவெதப்பாக இருந்தால் சீக்கிரம் காயும் என்றார். பாஞ்சாலை மூட்டையையும் பார்த்தாள், அடுப்பையும் பார்த்தாள். "சார், இதை வாசல்ல வெச்சிக்கலாமே?" என்றாள். "வாசல்ல வெச்சா தெருதான் காயும்" என்றார்.

பயப்பட ஒன்றுமில்லை. அடுப்பு தள்ளித்தான் இருக்கிறது. சட்ட விளிம்புகளில் நாடா ஒட்டிக்கொண்டிருக்கிறோம், மரம் துணியை அறுக்காமல் இருக்க. கார்த்திகை தீபம் கழிந்ததும் உறை தைக்க ஆரம்பிப்போம். தேருக்குக் கூட்டம் இப்போதே வரத் தொடங்கிவிட்டது. பதில் போடுங்கள்.
மஹ்பூபா


தம்மாம்
26-12-1981

மஹ்பூபா, ஸலாம். உன் நவம்பர்க் கடிதத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ரூமில் எல்லாருக்கும் ஊர்த் தபால் வந்துவிட்டது. மகளுக்கு உடம்பு சரியில்லையா? மழையில் வீட்டுக்கு ஏதாவது ஆனதா? அந்தக் குமுட்டியை வெளியே வைக்கச் சொல். நான் சொன்னேன் என்று சாரிடமே சொல். இரண்டு வரியாவது எழுது. மனம் ஒரு நிலையில் இல்லை.
ஜானி பாஷா


திருவண்ணாமலை
3-1-1982

என் கணவர் அவர்களுக்கு ஸலாம். நாங்கள் சுகம், நீங்கள் கவலைப்பட வேண்டாம். கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். எனக்கு வலது கையில் நகச்சுற்று. கட்டுப் போட்டிருக்கிறது. நான் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டுத் தனம் எழுதுகிறாள்.

ஒரு துக்கமான சங்கதி. தேருக்கு இரண்டு நாள் முன்னால் கிடங்கில் தீப்பிடித்துவிட்டது. பாஞ்சாலை மவுத்தாகிவிட்டாள். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தாள். வேலூருக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். தேர்க் கூட்டத்தில் ஒரு வண்டியும் ஊரைவிட்டு வெளியே போக முடியவில்லை. கொண்டு போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னதாக அப்பாசாமி சொன்னார்.

நானும் உள்ளேதான் இருந்தேன். ராமகிருஷ்ணன் சார்தான் என்னைத் தூக்கி வெளியே போட்டார். அவர் இல்லை என்றால் நான் இல்லை. அவருக்கும் தோளில் காயம். எனக்கு ஒன்றுமில்லை.

இப்போது போலீஸ் கேஸ். பாஞ்சாலை டீ போட ஸ்டவ் பற்ற வைத்தாள், அது வெடித்துவிட்டது என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சார் வீட்டுக்கு வந்தார். உட்காரவே இல்லை. "பாயம்மா, நீங்களும் அப்படியே சொல்லிடுங்க. நான் உள்ள போயிட்டா என் பென்ஷன் போயிடும், ராணி தனியா நிப்பா. போனவ திரும்பி வரப் போறதில்ல" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அடி அண்ணாமலையில் வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள். புருஷனோடு சண்டை போட்டுவிட்டுக் கிடங்குக்கு வந்து அவளே கொளுத்திக்கொண்டாள் என்கிறார்களாம்.

நான் என்ன சொல்லட்டும்? உங்கள் வார்த்தைக்குக் காத்திருக்கிறேன்.
மஹ்பூபா
(எழுதியது தனம்)


தம்மாம்
24-1-1982

என் மஹ்பூபாவுக்கு. உன் கடிதம் வந்ததும் முதலில் இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதேன். உன்னையும் மகளையும் ஆண்டவன் எனக்காக வைத்திருக்கிறான். உடம்பைப் பார்த்துக்கொள். பாஞ்சாலைக்காக நானும் வருந்துகிறேன்.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். சார் சொன்னபடியே சொல்லிவிடு. நெருப்புக்குள் இறங்கி உன்னைத் தூக்கி வந்த மனுஷன். அவரைக் கோர்ட்டில் காட்டிக் கொடுத்தால் நமக்கு நல்லதா? நான் இங்கே இருக்கிறேன். அங்கே நீ தனி ஆள், பெண் பிள்ளை வைத்திருக்கிறாய். போலீஸ், கோர்ட் என்று நாம் அலைய முடியாது. பாஞ்சாலைக்காக நாம் என்ன செய்தாலும் அவளுக்கு இனி எட்டாது.

நகச்சுற்று ஒரு மாதமா இருக்கும்? எலுமிச்சம்பழத்தை விரலில் செருகிக்கொள். தனம் படிப்பாள் என்பதால் மற்றதை எழுதவில்லை. சீக்கிரம் உன் கையால் எழுது. வஸ்ஸலாம்.
ஜானி பாஷா


திருவண்ணாமலை
28-1-1982

மதிப்பிற்குரிய பாய் அண்ணன் அவர்களுக்கு, அடுத்த வீட்டுத் தனம் வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் நலமாக இருக்க அண்ணாமலையாரை வேண்டுகிறேன். இந்தக் கடிதம் அக்காவுக்குத் தெரியாது. மனசு கேட்காமல் எழுதுகிறேன். தப்பாக நினைக்காதீர்கள்.

அண்ணா, நகச்சுற்று இல்லை. அக்காவின் இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டன. வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. இடது கையில் கட்டை விரலும் அடுத்த விரலும் மட்டும் அசைகின்றன. சோறு நான் ஊட்டுகிறேன். ரஹமத்துக்குத் தலை பின்னி விடுவதும் நான்தான். கட்டுப் பிரிக்கிற அன்று குழந்தையை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவேன். சத்தம் கேட்கக் கூடாது என்று அக்கா புடவையை வாயில் வைத்துக் கடித்துக்கொள்கிறாள்.

ஏன் மறைக்கிறாய் என்று கேட்டேன். "பாஸ்போர்ட் கம்பெனிகிட்ட இருக்கு தனம். கேட்டா தர மாட்டாங்க. அவரால வரவும் முடியாது, அங்க இருக்கவும் முடியாது. தெரிஞ்சு என்ன பண்ணுவாரு, தவிச்சிக்கினு இருப்பாரு" என்றாள்.

உங்களுக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டாம். அவளாகச் சொல்லட்டும். ஆனால் உன் கையால் எழுது என்று மட்டும் அவளைக் கேட்டுவிடாதீர்கள் அண்ணா. உங்கள் சகோதரி,
தனம்


திருவண்ணாமலை
21-2-1982

என் கணவர் அவர்களுக்கு ஸலாம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். ரஹமத் நன்றாக இருக்கிறாள், ஒன்றாம் வகுப்பில் கெட்டிக்காரி என்று டீச்சர் சொன்னார்.

உங்கள் கடிதம் வந்தது. அது வருவதற்கு ஒரு வாரம் முன்பே நான் கோர்ட்டில் சொல்லிவிட்டேன். முன்னால் வந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்கள் பேச்சை நான் மீறியது இது ஒன்றுதான். நடந்ததை முழுக்கச் சொல்கிறேன், படியுங்கள்.

அன்று மழை விட்டிருந்தது. நான் வாசல் பக்கம் இருந்த இறக்கைக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தேன். பாஞ்சாலை மூட்டைகளுக்குப் பக்கத்து இறக்கையில். சார் குமுட்டியில் கரி தள்ளிவிட்டு, வார்னிஷைக் கரைக்கும் தின்னர் டப்பாவைத் திறந்தார். அப்புறம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. ஒரு வெளிச்சம்தான். பார்த்தால் மூலை முழுக்க எரிகிறது. பாஞ்சாலை சத்தம் போடாமல் ஓடி வந்தாள், இறக்கை குறுக்கே நின்றது. அந்த எலும்புகளுக்கு இடையில் கையை நீட்டினாள். நான் இந்தப் பக்கமிருந்து இரண்டு கையாலும் பிடித்தேன். அவள் புடவை எரிந்தது. சார் பின்னால் வந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். "கையை விடுங்க பாயம்மா, விடுங்க" என்றார். நான் விடவில்லை. அவள் கைதான் வழுக்கிக்கொண்டு போனது. சார் என்னை வெளியே போட்டுவிட்டு மறுபடி உள்ளே போனார். அவளை இழுத்து வந்தார். அப்போதும் அவளுக்கு நினைவு இருந்தது. "பொன்னியப் பாத்துக்கச் சொல்லு" என்றாள்.

இதிலிருந்தே உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு நகச்சுற்று இல்லை. என் இரண்டு கையும் போய்விட்டன. இனி தைக்க முடியாது. சொல்லாமல் மறைத்ததற்கு மன்னியுங்கள்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் கேட்டார். "உள்ள நெருப்பு கொண்டாந்தது யாரும்மா?"

"சார்தாங்க. வார்னிஷ் காயணும்னு குமுட்டி வெச்சாரு."

"செத்துப்போன பொம்பள ஸ்டவ் பத்த வெச்சதா ரிப்போர்ட்ல இருக்கே?"

"அங்க ஸ்டவ்வே கிடையாதுங்க. அவ குமுட்டியைக் கூட வெளிய வெக்கலாம்னு சொன்னவ."

ராமகிருஷ்ணன் சார் வக்கீல் எழுந்தார். "உன்னை யாரும்மா காப்பாத்துனது?"

"சார்தாங்க."

"காப்பாத்துனவர் மேலயே பழி போடறியா?"

"ரெண்டும் நடந்ததுங்க. ரெண்டையும் அவருதான் செஞ்சாரு."

சார் தலையைக் குனிந்துகொண்டார். எழுதியதைப் படித்துக் காட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேனா பிடிக்க முடியாது என்றேன். இடது கட்டை விரலில் மை தடவி வைக்கச் சொன்னார்கள். வெறும் கறுப்பாக விழுந்தது. ரேகை இல்லை. குமாஸ்தா மறுபடி தடவினார், மறுபடி அதேதான். "ரேகை விழலீங்க" என்று மேலே பார்த்தார். கோர்ட்டில் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். கடைசியில் செருப்பைக் கழற்றி, நாற்காலியில் உட்கார வைத்து, கால் பெருவிரலில் மை தடவிக் காகிதத்தைக் கீழே வைத்தார்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து கையெழுத்துப் போட்டவள் நான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.
மஹ்பூபா


தம்மாம்
17-4-1982

என் மஹ்பூபாவுக்கு. ஸலாம். உன் கடிதம் வந்து வெகு நாளாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். எழுதாமல் இருக்காதே என்று நீ கேட்டிருந்தாய். கோபத்தில் இல்லை.

எனக்கு முன்னமே தெரியும். தனம் எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதே. அவள் மட்டும் இல்லை என்றால் நம் பிள்ளை என்ன ஆகியிருக்கும். அவள் கடிதம் வந்த மறுநாளே கம்பெனி ஆபீசுக்குப் போனேன். சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போக வேண்டும் என்றேன். ஒப்பந்தம் முடிகிறவரை பாஸ்போர்ட் கிடையாது என்றார்கள். மறுபடி போனேன். மூன்றாம் தரம் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. நீ நினைத்ததுதான் நடந்தது.

சார் சொன்னபடி சொல் என்று எழுதினேனே. அப்போது நீ உயிரோடு இருப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. நீ இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது தெரியாது. நீ சொன்னதே சரி. கோர்ட்டில் யாராவது கேட்டால் என் புருஷனும் இதைத்தான் சொல்கிறார் என்று சொல்.

காதர் இரண்டு நாள் எனக்குப் பதிலாக வேலை செய்தான். இப்போது போகிறேன். சுத்தியலை எடுத்தால் ஆணி பிடிக்கிற கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மேஸ்திரி சத்தம் போடுகிறான்.

ஒப்பந்தம் அக்டோபரில் முடிகிறது. வருகிறேன். வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் விரலைப் பிரித்துவிட முடியுமா என்று கேட்டு வை. உன்னையும் மகளையும் அல்லாஹ்விடம் ஒப்படைக்கிறேன்.
ஜானி பாஷா


திருவண்ணாமலை
6-6-1982

என் கணவர் அவர்களுக்கு ஸலாம். நாங்கள் சுகம். உங்கள் உடம்பும் மனமும் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள். தனத்தைத் திட்டவில்லை. உங்கள் கடிதத்தை அவளே எனக்குப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. படித்துவிட்டு அவள்தான் அழுதாள்.

வேலூரில் காட்டினேன். வலது கையில் இரண்டு விரலைப் பிரித்துவிட்டார்கள். டம்ளர் பிடிக்க வருகிறது. கத்தரிக்கோல் வராது என்று சொல்லிவிட்டார்கள்.

கேஸ் முடிந்துவிட்டது. இழுத்தடிப்பார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் போன மாதம் வாய்தாவுக்குப் போனபோது ராமகிருஷ்ணன் சார் வக்கீலைப் பேச விடாமல் தானே எழுந்து நின்றார். "அந்தம்மா சொன்னதுதான் நடந்தது. குமுட்டியை நான்தான் வெச்சேன்" என்றார். ஜெயில் போட்டார்கள், வேலூரில். வேனில் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் வந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். என் கைகளை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சந்தோஷமாக இல்லை. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

மறுநாள் ராணியம்மாள் வந்தார்கள். வாசலிலேயே நின்றார்கள். "உன் கட்டுக்கு மருந்து வாங்கித் தந்தது யாரு? உன்னைத் தூக்கியாந்து போட்டது யாரு? அந்த ஆளை ஜெயிலுக்கு அனுப்பிட்டு எப்படி உனக்குச் சோறு எறங்குது?" என்றார்கள்.

"எறங்கலைம்மா" என்றேன். அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். வீட்டைக் காலி செய்துவிட்டு வேலூருக்கே போகப் போகிறார்களாம், வாரா வாரம் அவரைப் பார்க்க. ரவிக்கைத் துணி ஒன்று என்னிடம் வெட்டினபடியே இருக்கிறது. அதைக் கொடுக்கவும் தோன்றவில்லை, கேட்கவும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

பெங்களூரிலிருந்து லாரி வந்தது. இரண்டு இறக்கை எரிந்து கரியாகிவிட்டது. மற்ற இரண்டில் ஓரம்தான் கருகியிருந்தது. அவற்றை அப்படியே, துணி இல்லாமல், கயிறு போட்டுக் கட்டிக் கொண்டு போனார்கள். வேறு எங்கோ போர்த்திக்கொள்வார்களாம்.

வெள்ளிக்கிழமை அப்பாசாமி வந்தார். பொன்னியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்திருந்தார். மல்லாட்டை ஒரு பை கொண்டு வந்தார். பொன்னியைத் தரையில் இறக்கி விட்டார். அப்புறம், "ஊர்ல அவளா கொளுத்திக்கினான்னு பேசிக்கினு இருந்தாங்க. என்னைப் பொண்டாட்டியக் கொன்னவன்னு பார்த்தாங்க. இப்ப அது இல்லம்மா" என்றார். வேறு ஒன்றும் கிடைக்கவில்லை அவருக்கு. நஷ்டஈடு கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார், வரும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. பொன்னி என் கையைத் தொட வந்தாள். அவர் இழுத்துக்கொண்டார். தொடட்டும் விடுங்கள் என்றேன். தொட்டுவிட்டு, "நோவுதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை எழுத மாட்டேன் என்று தனம் பேனாவை மூடி வைத்தாள். எழுது என்று சொல்லி எழுத வைக்கிறேன். நீங்கள் வந்து இறங்குகிற அன்று நான் முக்காட்டுக்குள் கையை மறைத்துக்கொள்ளப் போவதில்லை. நீங்கள் பார்ப்பீர்கள். பார்க்கும்போது உங்கள் முகம் மாறும். மாறாது என்று பதில் எழுதாதீர்கள். அப்பாசாமி முகமும் மாறியது, பெற்ற மகள் முகமும் மாறியது. மாறட்டும். ஆனால் எழுந்து வெளியே போய்விடாதீர்கள். கொஞ்ச நேரம் என் எதிரிலேயே உட்கார்ந்திருங்கள்.

அக்டோபரை நினைத்தபடி, ஸலாமுடன்,
உங்கள் மஹ்பூபா